கேமிங் சேர் வாங்குமுன்: வெயில், வேர்வை, ஆத்தங்குடித் தரை

ஆடித் தள்ளுபடியோ தீபாவளி விற்பனையோ வந்துவிட்டால் கைப்பேசித் திரையில் ஒரே சாயலில் நாற்காலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கறுப்பும் சிவப்பும், கறுப்பும் நீலமும்; பந்தயக் காரிலிருந்து சீட்டைக் கழற்றி அடியில் வீல் மாட்டியது போன்ற உருவம். 32,000 ரூபாய் என்று போட்டு அடித்துவிட்டுப் பக்கத்திலேயே 8,999 என்று எழுதியிருக்கும். அச்சு அசலாக அதே போல் தெரியும் இன்னொன்று 17,000. மற்றொன்று 45,000. படத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. வித்தியாசம் எல்லாம் உறைக்கு உள்ளே இருக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்காமலேதான் வாங்குகிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி கூரியரில் வரும். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவது தனிப் பாடு. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, எந்த உறுப்பு எதற்கு, எது முதலில் கெடும், கெட்டால் ஊரில் சரிசெய்ய முடியுமா என்று தெரிந்துகொள்வது நல்லது.

## பழைய ஈஸிசேரின் கணக்கு

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் பர்மா தேக்கில் செய்த சாய்வு நாற்காலி இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். சட்டம் தேக்கு, இரண்டு தலைமுறை தாங்கும். உட்காரும் இடமும் முதுகும் பிரம்புப் பின்னல்; சில வருடத்தில் தொய்யும், அறும். அறுந்தால் பின்னல்காரரைக் கூப்பிட்டு மாற்றிப் பின்னிக்கொள்வார்கள். நாற்காலி அப்படியே இருக்கும். பின்னலின் கண் வழியே காற்றும் போய்வரும், முதுகு வேர்க்காது.

கேமிங் சேருக்கும் இதே கணக்கைப் போடலாம். மாற்ற முடியாத உறுப்புகள் என்று சில உண்டு: உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், அச்சில் வார்த்த ஃபோம், இருக்கைக்கு அடியில் சாய்வை இயக்கும் மெக்கானிசம். மாற்ற முடிந்தவை சில: சக்கரம், இருக்கையை ஏற்றி இறக்கும் காஸ் சிலிண்டர், கைப்பிடி மேல் பட்டை. பணம் முதல் வகைக்குப் போக வேண்டும். இரண்டாம் வகையில் சுமாராக இருந்தாலும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் திரிசங்காக நிற்பது உறை. மாற்றலாம், ஆனால் பாடு அதிகம். நம் ஊர் வெயிலில் முதலில் போவதும் அதுதான்.

## கார் சீட் எப்படி வீட்டுக்குள் வந்தது?

இந்த உருவம் உடம்பின் வசதிக்காக யோசித்து வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார்களுக்கு இருக்கை செய்துகொண்டிருந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-ல் அதே பாணியில் ஒரு நாற்காலியைக் கேமிங்குக்கு என்று கொண்டுவந்தது. அப்புறம் யூடியூப், ட்விட்ச் என்று நேரலையில் ஆடுகிறவர்கள் எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் அது தெரிய ஆரம்பித்தது. மற்ற நிறுவனங்கள் அச்சைப் பிடித்துக்கொண்டன.

கார் இருக்கையின் இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்கும் ‘இறக்கைகள்’ ஒரு காரணத்துக்காக இருப்பவை. வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் பக்கவாட்டில் சரியாமல் அவை பிடித்துக்கொள்ளும். வீட்டு அறை எந்த வளைவிலும் திரும்புவதில்லை. இங்கே அந்த இறக்கை செய்வது தொடையை இறுக்குவதும் தோளை முன்னால் தள்ளுவதும்தான். மலிவான ரகங்களில் அந்த இறக்கைக்குள் இரும்புக் குழாய் ஓடும். மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் பஞ்சு.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: சம்மணம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் மணி நேரத்தில் ஒரு காலையாவது மடித்து மேலே வைக்காமல் இருக்க முடியாதவர்கள் நம்மில் பாதிப் பேர். இறக்கை உயர்ந்த சீட்டில் சம்மணம் போட்டால் முட்டிக்குக் கீழே குழாய் குத்தும். அப்படிப்பட்டவர்கள் இருக்கை தட்டையாகவும் அகலமாகவும் உள்ளதைத் தேட வேண்டும். கைப்பிடி மேலே மடங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது. விவரப் பக்கத்தில் ‘இருக்கை அகலம் 55 செ.மீ.’ என்று இருந்தால், அது இறக்கையின் வெளி விளிம்பு வரை அளந்ததா, உள்ளே தட்டையான இடம் மட்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் வெளி அளவைத்தான் போடுவார்கள்.

## உறை: வெயிலில் யார் தாங்குவார்?

விலை குறைந்த கேமிங் சேர்களில் பெரும்பாலானவை பி.யு. லெதர் உறை கொண்டவை. பெயரில்தான் லெதர். துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசியது அது. புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும், பார்க்கவும் அழகு. பிரச்சினை வேதியியலில் இருக்கிறது. இந்தப் படலத்தின் சங்கிலிப் பிணைப்புகளை நீர் மெதுவாக அறுக்கும். வெப்பம் கூடினால் அந்த அறுப்பு வேகமாகும். காற்றின் ஈரமும் வேர்வையும் அதற்குப் போதும். நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெடிப்பு, அப்புறம் சட்டை முழுக்கக் கறுப்புச் செதில்.

செட்டிநாட்டில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். ஏ.சி. ஓடாத அறையில் பி.யு. உறை இரண்டு மூன்று வருடத்தில் உரிய ஆரம்பித்தால் ஆச்சரியம் இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் தலை சாயும் இடம் அதற்கும் முன்னால் போகும்.

இந்த ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம்: வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். ‘யாரும் உட்காராத நாற்காலி, புதுசு மாதிரியே இருக்கும்’ என்று நினைத்துத் திறந்து பார்த்தால் உறை உரிந்து தொங்கும். உபயோகத்தால் தேய்வது வேறு, இது வேறு. உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் சூடும் ஈரமும் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். பூட்டி வைக்கும் வீட்டுக்கு பி.யு. லெதர் நாற்காலியை வாங்கவே வேண்டாம்.

மற்ற உறைகள்:

1. பி.வி.சி. ரெக்ஸின். பைக் சீட், ஆட்டோ சீட் உறை இந்த இனம். நீரால் அறுபடாது, அதனால் பி.யு.வைவிட நீண்ட நாள் வரும். ஆனால் காற்றே புகாது. பனியன் முதுகோடு ஒட்டும். வருடங்கள் போகப்போக விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

2. துணி உறை. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி நம் வெயிலுக்கு நல்ல சமரசம். வேர்வையை ஓரளவு வாங்கி விடும், உரியாது. கறை பிடிக்கும், தூசி தங்கும். செம்மண் புழுதி பறக்கும் ஊரில் வெளிர் சாம்பல் நிறத் துணி எடுத்தால் பிறகு வருத்தப்பட நேரும்.

3. மெஷ். வலைப் பின்னல். பிரம்பு ஈஸிசேரின் பேரன் என்று சொல்லலாம். மின்விசிறிக் காற்று முதுகில் நேராகப் படும். உயரமான கூரையில் விசிறி எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் வளவு வீட்டு (நடுமுற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டு) அறைகளில், பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்து ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. முதுகுக்கு மெஷ் தாராளமாக எடுக்கலாம். இருக்கைக்கும் மெஷ் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்: மலிவான மெஷ் இருக்கை தொய்ந்ததும் முன்பக்கச் சட்டத்தின் விளிம்பு தொடையை அறுக்கும். முதுகு மெஷ், இருக்கை துணி போட்ட ஃபோம் என்ற கூட்டணிதான் நடுத்தர பட்ஜெட்டில் சரியாக வரும்.

உறை உரிந்துவிட்டால் நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பைக் சீட் கவர் தைக்கும் கடையில், பழைய உறையைப் பிரித்து அதையே அளவாக வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். இறக்கை, எம்பிராய்டரி, முன்னூறு தையல் என்று இருக்கும் பந்தய வடிவத்துக்குக் கூலி கூடும். தட்டையான இருக்கைக்கு வேலை சீக்கிரம் முடியும்.

## உள்ளே இருப்பது: ஃபோமும் சட்டமும்

மெத்தைக் கடையில் ‘நாப்பது டென்சிட்டி’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் நாற்பது கிலோ எடை என்று பொருள். நாற்காலி இருக்கைக்கு 45 முதல் 55 வரை இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழ நாளாகும். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். கெட்டியாக இருந்தும் டென்சிட்டி குறைந்த ஃபோம் உண்டு. கடையில் உட்கார்ந்து பார்க்கும் ஐந்து நிமிடமும் அது நன்றாகவே இருக்கும், ஆறு மாதத்தில் அமுங்கிப் போகும்.

ஷீட்டிலிருந்து வெட்டி ஒட்டிய ஃபோமும் இருக்கிறது, அச்சில் ஊற்றி வார்த்ததும் இருக்கிறது. வார்த்தது சீராக இருக்கும், நீடிக்கும். விவரத்தில் ‘மோல்டட் ஃபோம்’ என்று இருந்தால் அது. எதுவும் சொல்லாமல் ‘ஹை குவாலிட்டி ஃபோம்’ என்று மட்டும் இருந்தால் வெட்டியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பார்க்க வாய்த்தால், இருக்கையின் நடுவில் ஒரு முட்டியை ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். அடியில் பலகை தட்டுப்பட்டால் வேண்டாம்.

சட்டம் இரும்பா, ஒட்டுப்பலகையா என்பதும் முக்கியம். பூட்டிய வீட்டில் ஒட்டுப்பலகை என்றால் கரையானுக்கும் கொஞ்சம் பங்கு ஒதுக்கி வைத்தது போல.

## மெக்கானிசம்: மல்லாக்கப் படுப்பது எதற்கு?

பந்தய வடிவ நாற்காலியில் முதுகு தனியாக 155, 180 டிகிரி வரை சாயும். விளம்பரத்தில் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார். வீட்டில் கட்டில் இருக்கிறவருக்கு இதன் பயன் குறைவு. மேலும் அப்படிச் சாயும்போது உடம்பின் பாரம் சக்கரம் மாட்டிய அடித்தட்டுக்கு வெளியே போகும். லேசான பிளாஸ்டிக் அடித்தட்டு உள்ளது பின்னால் கவிழவும் கூடும்.

முதுகுக்கு நிஜமாக உதவுவது ‘சிங்க்ரோ டில்ட்’ எனப்படும் அமைப்பு. சாயும்போது முதுகு இரண்டு பங்கு சாய்ந்தால் இருக்கை ஒரு பங்கு சாயும். கால் தரையை விட்டுத் தூக்காது, முதுகு எப்போதும் பலகையோடு ஒட்டியிருக்கும். எளிய நாற்காலிகளில் இருப்பது ‘பட்டர்ஃபிளை’ வகை: இருக்கையும் முதுகும் ஒரே கட்டாக ஆடும், அவ்வளவுதான். ஒன்பது, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கும்போது சிங்க்ரோ இருக்கிறதா என்று கேட்பது நியாயம்.

## காஸ் சிலிண்டர்: பயமும் உண்மையும்

கடைகளில் இதை ‘ஹைட்ராலிக்’ என்பார்கள். உள்ளே எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுவதில்லை. உயர் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன்தான் தூக்குகிறது. நெம்புகோலை இழுத்தால் தலையில் உள்ள முள் அமுங்கி வால்வு திறக்கும், தண்டு ஏறும் அல்லது இறங்கும். விட்டால் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் தேய்ந்தால் வாயு கசியும். காலையில் உயர்த்தி வைத்த நாற்காலி மத்தியானம் தானாகத் தாழ்ந்து நிற்கிறது என்றால் அதுதான் காரணம்.

‘நாற்காலி வெடித்தது’ என்று அவ்வப்போது வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றும். வெளிநாடுகளில் மிக அரிதாக அப்படி நடந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. சுவர் கனம் குறைந்த, தரம் பார்க்காத சிலிண்டர்தான் கவலைப்பட வேண்டிய பொருள். ‘கிளாஸ் 3’, ‘கிளாஸ் 4’ என்று சிலிண்டர் மேல் பொறித்திருப்பது வலிமையின் வரிசை, 4 உறுதியானது. எண்பது கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் 4 இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம்.

சிலிண்டர் போனால் புதிது ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் ஆன்லைனில் கிடைக்கிறது. கழற்றுவதில்தான் கவனம் வேண்டும். மேலும் கீழும் கூம்பாகச் செருகி இறுகியிருக்கும். திருகாணி எதுவும் கிடையாது. பைப் ரென்ச் போட்டுத் திருகினால் வந்துவிடும். வரவில்லை என்று வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சூடு காட்டுவது, துளை போடுவது இரண்டும் கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது. பட்டறைக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது வெறும் இரும்புக் குழாய் போலத்தான் தெரியும்.

## ஆத்தங்குடித் தரையில் சக்கரம்

செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. கண்ணாடியில் படிந்த முகம்தான் நாம் பார்க்கும் பளபளப்பு. அதன் வண்ண அடுக்கு மெல்லியது. விட்ரிஃபைடு டைல்ஸ் போல் கீறலைத் தாங்காது.

நாற்காலியோடு வரும் கெட்டியான நைலான் சக்கரங்கள் கார்ப்பெட் விரித்த அலுவலகத்துக்கானவை. அவற்றின் இடுக்கில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், தரையில் வட்ட வட்டமாகக் கோடு விழும். தாத்தா காலத்துத் தரையில் கோடு விழுந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பார்க்க வேண்டியவை:

1. சக்கரத்தின் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் பாலியூரித்தேன் பூசியது, கெட்டித் தரைக்கு ஏற்றது. ஐரோப்பிய வழக்கப்படி ஒரே நிறமாக இருப்பது கார்ப்பெட்டுக்கு, நடுவும் ஓரமும் இரண்டு நிறமாக இருப்பது கெட்டித் தரைக்கு.

2. கெட்டிச் சக்கரம் வந்துவிட்டால் மாற்றிவிடலாம். செருகும் தண்டு பெரும்பாலும் 11 மி.மீ. விட்டம், 22 மி.மீ. நீளம். வாங்குமுன் ஒன்றைப் பிடுங்கி அளந்துகொள்ளுங்கள். ரோலர் ஸ்கேட் பாணி மென்மையான சக்கரம் ஐந்து வாங்கி மாட்டினால் தரை தப்பிக்கும். ஆனால் அவை பெரியவை. இருக்கை கொஞ்சம் உயரும்.

3. தரைக்குத் தேங்காயெண்ணெய் போட்டு மெருகேற்றும் வீடுகளில் மென்மையான சக்கரமும் வழுக்கும். உட்காரப் போகும்போது நாற்காலி பின்னால் ஓடினால் விழுவது நிச்சயம். வயதானவர்களும் உபயோகிக்கும் நாற்காலி என்றால் சக்கரத்துக்குப் பதில் நிலையான குமிழ்க் கால் மாட்டிக்கொள்ளலாம்.

4. கோரைப் பாயைக் கீழே போட்டு ஓட்டினால் பாய்தான் நைந்து போகும். தடித்த பாலிகார்பனேட் விரிப்பு போடலாம்; வாரம் ஒரு முறை எடுத்து அடியில் சேர்ந்த மணலைக் கூட்டிவிட வேண்டும்.

அடித்தட்டைப் பொறுத்தவரை நைலான் என்றாலே மட்டம் என்று எண்ண வேண்டாம். கண்ணாடி இழை கலந்த தடித்த நைலான் நன்றாகவே தாங்கும். மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த ‘மெட்டல் பேஸ்’ அதைவிட மோசமாக இருப்பதுண்டு. விட்டம் 65 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள்.

## உங்கள் உயரத்துக்கு அந்த நாற்காலி செய்ததா?

விவரப் பக்கத்தில் மேல் எல்லையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்: 120 கிலோ, 150 கிலோ என்று. நம்மூரில் பெரும்பாலோருக்குச் சிக்கல் கீழ் எல்லையில் இருக்கிறது. பல கேமிங் சேர்களை முழுக்க இறக்கினாலும் இருக்கை தரையிலிருந்து 45 அல்லது 48 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். கால் தரையில் சமமாகப் பதிய, இருக்கை உயரம் ஒருவரின் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஐந்தடி மூன்றங்குலம், அதாவது 160 செ.மீ. உள்ளவருக்கு 40 செ.மீ. வரும். வெளிநாட்டு அளவுகள் ஷூ போட்ட காலை நினைத்துப் போட்டவை. நாம் வீட்டில் வெறுங்கால். அதில் இன்னும் இரண்டு மூன்று செ.மீ. போய்விடும். கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும், அரை மணியில் மரத்துப்போகும்.

இன்ச் டேப் எடுத்து மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்:

1. உட்கார்ந்த நிலையில் பாதத்திலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை. இருக்கையின் மிகத் தாழ்ந்த உயரம் இதற்கு மேல் போகக் கூடாது.

2. முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை. இருக்கையின் ஆழம் இதைவிட மூன்று விரற்கடை குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் முதுகு பின்னால் எட்டாது, நுனியில் உட்கார்ந்து கூன் போடுவோம்.

3. மேசையின் உயரம். சாதாரண மேசை 72 முதல் 75 செ.மீ. இருக்கும். முழங்கை மேசை மட்டத்துக்கு வர நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். அதற்கு ஃபுட்ரெஸ்ட் என்று தனியாக வாங்க வேண்டாம்; பரணில் கிடக்கும் மனைப் பலகை ஒன்று போதும்.

கணினியில் ஆடுகிறவருக்குக் கைப்பிடி மேலும் கீழும் நகர்ந்தால் போதும். கைப்பேசியில் ஆடுகிறவருக்குத்தான் கைப்பிடி முக்கியம்: முழங்கைக்குத் தாங்கல் இல்லாவிட்டால் ஃபோன் மடியில் இறங்கும், கழுத்தும் கூடவே குனியும். மேலும் கீழும் போவதோடு உள்ளே, வெளியே, முன்னே, பின்னே நகர்ந்து திரும்பவும் கூடியதை ‘4டி’ என்கிறார்கள். இந்த நான்கு அசைவில் மூன்று உள்ள 3டி இருந்தாலே தாராளம்.

எலாஸ்டிக் பட்டையில் தொங்கும் இடுப்புத் தலையணையை நம்பி வாங்காதீர்கள். அது வழுக்கிக்கொண்டே இருக்கும், உட்காரும் ஆழத்தையும் தின்றுவிடும். முதுகுப் பலகையிலேயே ஏறி இறங்கும் இடுப்புத் தாங்கல் இருந்தால் நல்லது.

## சான்றிதழ்ச் சொற்கள்

‘பிஃப்மா’ என்பது அமெரிக்க அலுவலகச் சாமான் உற்பத்தியாளர்களின் சங்கம். அவர்கள் வகுத்த எக்ஸ்5.1 என்ற சோதனை முறையில் மூட்டையை இருக்கையில் லட்சம் முறை போட்டுப் பார்ப்பது போன்ற பரிசோதனைகள் உண்டு. விளம்பரத்தில் கவனிக்க வேண்டியது, தேறியது முழு நாற்காலியா அல்லது ஏதோ ஓர் உறுப்பா என்பதைத்தான். ‘பிஃப்மா சான்று பெற்ற சிலிண்டர்’ என்றால் சிலிண்டர் மட்டும்தான். முதுகுச் சட்டத்தின் வெல்டிங் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நம் நாட்டிலும் வேலை நாற்காலிகளுக்கு ஐஎஸ் 17631 : 2022 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் இருக்கிறது.

‘3 வருட வாரண்டி’ என்று பெரிதாக எழுதி, கீழே பொடி எழுத்தில் ‘உறை, ஃபோம், சக்கரம் தவிர’ என்பார்கள். மிச்சம் இருப்பது என்ன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆள் வந்து பார்ப்பார்களா, உறுப்பை மட்டும் அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். காரைக்குடிப் பக்கத்துக்கு உறுப்பை அனுப்புகிற நிறுவனமே மேல். சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டும் என்றால் பல நாள் காத்திருக்க நேரும்.

## எவ்வளவு பணத்துக்கு எது?

கீழே உள்ளவை விற்பனை விலைகள். மேலே அடித்துப் போட்ட விலையை மறந்துவிடுங்கள்.

1. 8,000 ரூபாய்க்குள். இந்த விலையில் பந்தய வடிவ கேமிங் சேர் வாங்குவதுதான் இருப்பதிலேயே நஷ்டமான பேரம். பளபளப்புக்கும் தையலுக்கும் பணம் போய்விடும்; ஃபோமுக்கும் சட்டத்துக்கும் எதுவும் மிஞ்சாது. அதே பணத்தில் மெஷ் முதுகு உள்ள சாதாரண அலுவலக நாற்காலி எடுங்கள். கேமிங் என்ற பெயர் இருக்காது. முதுகுக்கு அது தெரியாது.

2. 9,000 முதல் 15,000 வரை. அதிகம் பேர் வாங்குவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். துணி உறை அல்லது மெஷ், மோல்டட் ஃபோம், கிளாஸ் 4 சிலிண்டர், ஏறி இறங்கும் கைப்பிடி என்ற நான்கும் ஒன்றாகக் கிடைக்கும். கிரீன் சோல் போன்ற இந்திய நிறுவனங்களின் ரகங்களும், ஃபெதர்லைட், கோத்ரெஜ் போன்ற அலுவலக நாற்காலி நிறுவனங்களின் எளிய ரகங்களும் ஏறக்குறைய இந்த எல்லைக்குள் வரும். ஆர்ஜிபி விளக்கு, ஸ்பீக்கர், மசாஜ் மோட்டார் இருந்தால் கடந்து போங்கள். மசாஜ் என்று வருவது யுஎஸ்பியில் அதிரும் சின்ன மோட்டார்.

3. 16,000 முதல் 28,000 வரை. சிங்க்ரோ டில்ட், முன்பின் நகரும் இருக்கை, 3டி கைப்பிடி எதிர்பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்கள், பகலில் வேலையும் இரவில் ஆட்டமுமாக ஒரே நாற்காலியில் இருப்பவர்கள் இங்கே வரலாம். இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கிடைக்கும் வசதி குறைந்துகொண்டே போகும்.

4. 40,000க்கு மேல். சிங்கப்பூரில் 2014-ல் தொடங்கிய சீக்ரெட்லேப் போன்றவை. பந்தய வடிவம்தான் வேண்டும் என்றால் அதை ஒழுங்காகச் செய்பவர்கள் இவர்கள். லட்சத்தைத் தாண்டினால் ஹெர்மன் மில்லர். 1994-ல் வந்த ஏரான் மெஷ் நாற்காலி இன்றும் விற்கிறது, 12 வருட வாரண்டியோடு. அந்த நிறுவனமும் 2020-ல் கணினி உபகரணம் செய்யும் லாஜிடெக்கோடு சேர்ந்து கேமிங் நாற்காலி கொண்டுவந்தபோது பந்தய இறக்கையைச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த எம்பாடி என்ற அலுவலக நாற்காலியைத்தான் மாற்றியமைத்தது.

5. பழையது. சென்னை, பெங்களூரில் அலுவலகங்கள் காலி செய்யும்போது கழிக்கும் நல்ல நாற்காலிகள் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. புதிதாக முப்பதாயிரம் போனது பத்துக்குள்ளேயே கிடைக்கலாம். சென்னையில் சொந்தக்காரர் இருந்தால் உட்கார்ந்து பார்த்து எடுத்து, பார்சல் சர்வீஸில் போடச் சொல்லலாம். பார்க்க வேண்டியது மெக்கானிசம் பூட்டுகிறதா, மெஷ் தொய்ந்திருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் உண்டா என்பவைதான். சக்கரமும் சிலிண்டரும் சுமார் என்றால் அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு, ஊருக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இரண்டாம் வரிசையைத் தாண்ட வேண்டாம். பன்னிரண்டு வயதில் பொருந்துவது பதினாறில் பொருந்தாது.

## பெட்டி வந்த பிறகு

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். உறுப்பு குறைந்தால் பேச அதுதான் ஆதாரம். திருகாணிகள் எல்லாவற்றையும் முதலில் பாதி மட்டும் முடுக்கி, எல்லாம் பொருந்திய பிறகு முழுக்க முடுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் நாலாவது ஓட்டை சேராது. கைப்பிடியில் இடம் வலம் மாறுவது சகஜம், பார்த்து மாட்டுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியைக் கொல்லைக்கு அனுப்ப வேண்டாம்.

கெடு முடியும்முன் ஒரு நாள் முழு ஆட்டம் ஆடிப் பாருங்கள்: இரண்டு மணி நேரம், ஏ.சி. இல்லாமல், மத்தியானத்தில். தொடை மரத்தால் உயரமோ ஆழமோ சரியில்லை. உட்காரும் எலும்பு வலித்தால் ஃபோம் சரியில்லை. சட்டை நனைந்து ஒட்டினால் உறை சரியில்லை. இரண்டு வாரம் கழித்து எல்லாத் திருகாணிகளையும் இன்னொரு முறை முடுக்குங்கள், முக்கியமாக மெக்கானிசத்தை இருக்கையோடு பிடிக்கும் நான்கையும். கிறீச்சென்ற சத்தம் வந்தால் பெரும்பாலும் அங்கேதான்.